குடுவையில் சேர்ந்த எண்ணெய் எதை நிரூபிக்கிறது?

டர்போ பெட்ரோல் காரின் இன்டர்கூலர் குழாயைக் கழற்றினால் உட்சுவரில் எண்ணெய் படிந்திருப்பதைப் பார்க்கலாம். புதிய காரில் மெல்லிய பூச்சாக இருக்கும். நெடுநாள் ஓடிய காரில் விரலால் வழித்தெடுக்கும் அளவுக்கு இருக்கும். அதைக் கண்டதும் மூன்று யோசனைகள் கிளம்பும். "டர்போ போய்விட்டது, மாற்றுங்கள்" என்பார் ஒருவர். "பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும்" என்பார் இன்னொருவர். "ஒரு கேட்ச் கேன் பொருத்தினால் சரியாகிவிடும்" என்பார் மூன்றாமவர். மூன்றுக்கும் செலவு வேறு, விளைவு வேறு. ஆனால் மூவரும் ஒரே அளவுகோலை வைத்துத்தான் பேசுகிறார்கள்: கண்ணுக்கு எவ்வளவு எண்ணெய் தெரிகிறது? அந்த அளவுகோலே தவறு என்பதுதான் என் வாதம். இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் எவ்வளவு, அங்கே சேரும் ஈரமும் பெட்ரோல் ஆவியும் ஒழுங்காக வெளியேறுகின்றனவா என்ற இரண்டு கேள்விகளே முதலில் வர வேண்டும். எண்ணெயின் அளவு மூன்றாவது கேள்வி.

ஏன் என்று சொல்ல, இன்ஜினின் அடிப்பகுதியில் நடப்பதைச் சற்று விளக்க வேண்டும். பிஸ்டன் ரிங் எந்த இன்ஜினிலும் முழுமையாக அடைப்பதில்லை. சூட்டில் விரிவதற்கு இடம்விட்டே அதை வெட்டுகிறார்கள். அந்த இடைவெளி வழியாகவும் ரிங்கின் ஓரங்கள் வழியாகவும் எரியும் வாயுவில் சிறு பங்கு கீழே நழுவுகிறது. ஆரோக்கியமான இன்ஜினில் இது உள்ளே போகும் காற்றில் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும் என்பது பொதுவான கணக்கு. இதைத்தான் புளோ-பை என்கிறோம். நம் பட்டறைகளில் பேக் கம்ப்ரஷன். அந்த வாயுவில் நீராவி இருக்கிறது, எரியாத பெட்ரோல் இருக்கிறது, கரியும் அமிலமும் இருக்கின்றன. சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அடித்துக் கிளப்பும் எண்ணெய்த் துளிகளும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. வெளியேற வழி இல்லாவிட்டால் அழுத்தம் ஏறி, பலவீனமான சீல் எதுவோ அதைப் பிய்த்துக்கொண்டு எண்ணெய் வெளியே வரும்.

பழைய கார்களில் இதற்கு ஒரு குழாய் இருந்தது. அது கிராங்க் கேஸிலிருந்து நேராகச் சாலையை நோக்கி இறங்கும். கார் ஓடும் வேகத்தில் காற்று உறிஞ்ச, வாயு தெருவில் கலக்கும். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புகைமூட்டத்துக்கு மோட்டார் வாகனங்களின் பங்கை ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் 1950களில் எடுத்துக்காட்டிய பிறகு, முதலில் கைவைக்கப்பட்ட இடம் இந்தக் குழாய்தான். 1961 மாடல் கார்களில் கலிபோர்னியாவிலும், 1963 மாடல்களில் அமெரிக்கா முழுவதிலும் பிசிவி வால்வு வந்தது. கிராங்க் கேஸ் வாயுவை இன்டேக் மேனிஃபோல்டின் வெற்றிடம் இழுத்துக்கொள்ளும். மறுபக்கம் ஏர் ஃபில்டர் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். அழுக்கு வாயு திரும்பவும் எரிக்கப்படும். மாசைக் குறைக்க வந்த இந்த ஏற்பாடு இன்ஜினுக்கும் நன்மை செய்தது. ஈரமும் பெட்ரோலும் எண்ணெயோடு கலந்து சகதியாவதற்குள் அவற்றைப் புதுக்காற்று துடைத்துக்கொண்டு போய்விடுகிறது. கூடவே கொஞ்சம் எண்ணெய் போவது இந்தச் சேவைக்கு நாம் கொடுக்கும் விலை.

டர்போ வந்ததும் இந்த எளிய ஏற்பாடு சிக்கலாகிறது. பூஸ்ட் ஏறும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்காது. அங்கே வெளிக்காற்றைவிட அதிக அழுத்தம். அதனால் பிசிவி வழியில் ஒரு செக் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். வாயு வேறு வழியாக, டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாய்க்குப் போக வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும் அதே நேரத்தில் புளோ-பையும் ஏறுகிறது. ஆக, வாயு மிக அதிகமாக வரும் தருணத்தில் அது எண்ணெயோடு டர்போவின் கம்ப்ரஸர், இன்டர்கூலர், இன்டேக் வால்வு என்று எல்லாவற்றையும் கடந்துதான் எரிய வேண்டும். இன்டர்கூலரில் கொஞ்சம் எண்ணெய் இருப்பது இந்த வடிவமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை மட்டும் பார்த்து நோய் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் எப்போது நோய்? இங்கே இரண்டு குறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்; பல பட்டறைகளில் இவை ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. பிஸ்டனின் மேல் இரண்டு ரிங்குகள் தேய்ந்தாலோ உடைந்தாலோ வாயு கீழே இறங்கும். அதுதான் புளோ-பை. மூன்றாவதான ஆயில் ரிங் அடைத்துக்கொண்டால் எண்ணெய் மேலே ஏறி எரியும். அது ஆயில் திங்கும் நோய். அப்போது கம்ப்ரஷன் நன்றாகவே இருக்கலாம். அமெரிக்காவில் 2009 முதல் 2011 வரையிலான ஆடி ஏ4 கார்களின் 2.0 டிஎஃப்எஸ்ஐ இன்ஜின்கள் எண்ணெய் குடித்த விவகாரம் இதற்கு நல்ல பாடம். மெலிதான ஆயில் ரிங்கும், எண்ணெய் வடிய பிஸ்டனில் விடப்பட்ட சிறு துளைகளும் கரியால் அடைத்துக்கொண்டதே முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. முதல் கட்டச் சிகிச்சையாகக் கிராங்க் கேஸ் காற்றோட்டப் பாகத்தை மாற்றினார்கள். அதில் தீராத கார்களுக்குப் பிஸ்டனும் ரிங்கும் மாற்றப்பட்டன. விவகாரம் வழக்காகி, சமரசத்தில் முடிந்தது. இந்த வரிசை கவனிக்கத் தக்கது: முதலில் மூச்சுப் பாதை, அப்புறம் ரிங். அந்த இன்ஜினில் எத்தனை பெரிய கேட்ச் கேன் பொருத்தியிருந்தாலும், ரிங் வழியே மேலே ஏறிய எண்ணெயில் ஒரு சொட்டைக்கூட அது பிடித்திருக்காது.

இனி தீர்வுகளை ஒவ்வொன்றாக எடைபோடலாம்.

கம்பெனி தந்ததை அப்படியே விடுவது முதல் வழி. இதன் பலம், அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் இரண்டையுமே கணக்கில் வைத்து வடிவமைக்கப்பட்டது என்பது. நவீன இன்ஜின்களில் ஒரு ரப்பர் டயஃப்ரம் கிராங்க் கேஸின் அழுத்தத்தை வெளிக்காற்றைவிடச் சற்றே குறைவாக வைத்திருக்கிறது. தடுப்புச் சுவர்களும் சுழல் பாதைகளும் கொண்ட பிரிப்பான் எண்ணெயைப் பிரித்து, அடியில் அது தேங்கும் சம்ப்புக்கே திருப்பி அனுப்புகிறது. ஆனால் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. டயஃப்ரமும் செக் வால்வும் சூட்டில் உழைக்கும் சின்ன ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள். டயஃப்ரம் கிழிந்தால் கிராங்க் கேஸில் வெற்றிடம் அளவுக்கு மீறும். ஐடிலிங் தடுமாறும், விசில் சத்தம் கேட்கும், ஆயில் மூடியைத் திறக்கவே கஷ்டமாக இருக்கும். செக் வால்வு கசிந்தால் பூஸ்ட் நேராகக் கிராங்க் கேஸுக்குள் புகும். டிப் ஸ்டிக் எழும்பும், பின் கிராங்க் சீல் கசியும், டர்போ குழாயில் எண்ணெய் வழியும். வோல்வோவின் ஐந்து சிலிண்டர் டர்போ கார்களில் ஆயில் ட்ராப் அடைத்துக்கொண்டு இதே விளைவைத் தந்ததால், ஆயில் மூடியின் வாயில் ரப்பர் கையுறையை மாட்டி அது உப்புகிறதா என்று பார்க்கும் வழக்கமே அந்தக் கார்க்காரர்களிடம் உண்டாயிற்று.

இதைவிடக் கனமான சாட்சி சாப் என்ற கார் கம்பெனி. 1999 முதல் 2003 வரையிலான 9-5, அதே காலத்து 9-3 கார்களின் நான்கு சிலிண்டர் டர்போ இன்ஜின்களில் எண்ணெய் சகதியாகி, சம்ப்பில் உள்ள உறிஞ்சு வலையை அடைத்து, பேரிங்குகளைத் தின்றது. கம்பெனி காற்றோட்ட ஏற்பாட்டைப் பலமுறை திருத்தி, 2004இல்தான் நிலையான வடிவத்துக்கு வந்தது. சகதிச் சேதத்துக்கு எட்டு ஆண்டுகள் வரை உத்தரவாதத்தையும் நீட்டித்தது. இந்த இன்ஜின்களைக் கொன்றது இன்டேக்குக்குப் போன எண்ணெய் அன்று. வெளியேற வேண்டிய ஈரமும் பெட்ரோலும் உள்ளேயே தங்கியதுதான் அவற்றைக் கொன்றது. எண்ணெய் இன்டேக்குக்குப் போவதை மட்டுமே எதிரியாகக் காண்பவர்கள் இந்த வரலாற்றைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

ஆகவே கம்பெனி ஏற்பாட்டைப் பற்றி என் மதிப்பீடு இது: கொள்கை சரி, செயலாக்கத்தில் கஞ்சத்தனம். இதைவிடச் சிறப்பாகச் செய்ய முடியும் என்பதற்குக் கனரக லாரிகளே சான்று. ஆல்ஃபா லாவல் பங்குகொண்ட ஆல்ஃப்டெக்ஸ் என்ற நிறுவனத்தின் பிரிப்பான், வேகமாகச் சுழலும் தட்டுகளின் மையவிலக்கு விசையால் மிக நுண்ணிய எண்ணெய்த் துளியையும் பிரித்தெடுக்கிறது. பல லட்சம் கிலோமீட்டர் ஓடும் லாரிக்கு அந்தச் செலவு கட்டுபடியாகிறது. கார் வாங்குபவர் இதையெல்லாம் கேட்பதில்லை என்பதால் காருக்குப் பிளாஸ்டிக் பெட்டி போதும் என்று முடிவாகிவிடுகிறது.

இரண்டாவது வழி, மூடிய வகை கேட்ச் கேன். கிராங்க் கேஸுக்கும் இன்டேக்குக்கும் இடையில் ஒரு குடுவையை வைத்து, அதன் தடுப்புகளிலும் கம்பி வலையிலும் மோதும் துளிகளைப் பிடித்துக்கொண்டு, வாயுவை மட்டும் முன்போலவே இன்டேக்குக்கு விடுவது. இதன் ஆதரவாளர்கள் காட்டும் முதன்மைச் சான்று, குடுவையில் சேர்ந்த திரவம். "இவ்வளவும் இன்ஜினுக்குள் போயிருக்கும்" என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அரை உண்மை. குடுவையில் சேர்வதில் பெரும்பங்கு நீரும் பெட்ரோலுமாக இருக்கலாம். பால் கலந்த காப்பி நிறத்தில் அது இருப்பதற்குக் காரணம் நீர். அந்த ஆவி இன்டேக்குக்குப் போயிருந்தால் பெரும்பாலும் தீங்கில்லாமல் எரிந்தோ வெளியேறியோ இருக்கும். அடுத்து, பிடிபட்டதை மட்டும் காட்டுகிறார்களே தவிர, தப்பியதை யாரும் எடைபோடுவதில்லை. பெரிய துளிகள் தடுப்பில் மோதி நிற்கும். மைக்ரானுக்கும் குறைந்த துளிகள் வாயுவோடு வளைந்து போய்விடும்.

வால்வில் கரி படிவதைத் தடுக்கும் என்ற வாதத்தைத் தனியே ஆராய வேண்டும், ஏனெனில் கேட்ச் கேன் விற்பனையின் முதுகெலும்பு அதுதான். டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை. எண்ணெய் ஆவி அங்கே காய்ந்து கரியாகிறது. வால்நட் ஓட்டுத் தூளை வீசி அதைச் சுரண்டும் வேலை பல பட்டறைகளுக்குப் பிழைப்பாகவே ஆகிவிட்டது. ஆனால் அந்தக் கரிக்கு மூச்சுப் பாதை மட்டுமே காரணம் இல்லை. வால்வு ஸ்டெம் சீல் வழியே இறங்கும் எண்ணெயும், வால்வுகள் இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் நொடியில் பின்னோக்கி வரும் எரிந்த வாயுவும் பங்காளிகள். கேட்ச் கேனால் இந்த இரண்டையும் தொடவே முடியாது. ஒரே வகை இன்ஜினில், ஒரே தூரத்துக்கு, குடுவையோடும் குடுவை இல்லாமலும் ஓட்டி, வால்வைக் கேமரா விட்டுப் பார்த்து ஒப்பிடுவதுதான் நேர்மையான சோதனை. விற்பனைப் படங்களில் காட்டப்படுவது நிரம்பிய குடுவைதான். கரிப் பிரச்சினையைத் தணிக்கும் வேறொரு வழி கார் கம்பெனிகளின் வடிவமைப்பிலேயே இருப்பதையும் கவனியுங்கள். டொயோட்டா 2005 வாக்கில் லெக்ஸஸ் ஐஎஸ் 350 இன்ஜினில், நேரடி இன்ஜெக்டரோடு போர்ட் இன்ஜெக்டரையும் சேர்த்து டி-4எஸ் என்று கொண்டுவந்தது. ஃபோக்ஸ்வாகன் குழுமம் ஈஏ888 மூன்றாம் தலைமுறையில் ஐரோப்பாவில் அதே வழிக்கு வந்தது. இந்த ஏற்பாட்டில் வால்வைப் பெட்ரோலே கழுவுகிறது.

குறைந்த வேகத்தில் பூஸ்ட் ஏறும்போது, ஸ்பார்க்குக்கு முன்பே தீப்பிடித்துப் பிஸ்டனை உடைக்கும் எல்எஸ்பிஐ ஆபத்துக்கும் இதே கதை. சிலிண்டருக்குள் வந்த எண்ணெய்த் துளி அதற்கு ஒரு காரணம் என்று கண்டறிந்ததும், எண்ணெயின் வேதியியலையே மாற்றினார்கள். கால்சியம் சார்ந்த துப்புரவுச் சேர்க்கை குறைக்கப்பட்டு மக்னீசியம் சேர்க்கப்பட்டது. 2018இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி என்ற தரங்கள் வந்தன. சரியான தர எண்ணெயை ஊற்றுவது இந்த ஆபத்துக்குக் குடுவையைவிட நேரடியான காப்பு.

இவ்வளவும் சொன்ன பிறகு, கேட்ச் கேனுக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பூஸ்ட்டைக் கூட்டி ட்யூன் செய்த இன்ஜினில் புளோ-பை கம்பெனி கணக்கை மீறுகிறது. எண்ணெய் ஆவி பெட்ரோலின் ஆக்டேன் பலத்தைக் குறைத்து நாக்கிங்கை வரவழைக்கிறது. சுபாருவின் படுக்கை இன்ஜினில் நீண்ட வளைவுகளில் எண்ணெய் ஒரு பக்கத் தலைக்குப் போய்த் தேங்கி, பிரீதர் வழியே மொத்தமாக வெளியேறும். பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்கு இவை கற்பனைப் பயங்கள் அல்ல. அப்படிப்பட்டவர் நல்ல தடுப்புகள் கொண்ட மூடிய குடுவையைப் பொருத்துவது விவேகம். ஃபோர்டு நிறுவனத்தின் பெர்ஃபாமன்ஸ் பிரிவே மஸ்டாங்குக்கு ஆயில் செப்பரேட்டர் விற்றிருக்கிறது. ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை. குழாயின் உள்விட்டம் குறையக் கூடாது. செக் வால்வுகள் அதே இடத்தில் இருக்க வேண்டும். பூஸ்ட் வழி, வெற்றிட வழி இரண்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். குடுவையைத் தவறாமல் காலிசெய்ய வேண்டும். அடைத்த வலையுள்ள குடுவை கிராங்க் கேஸின் மூச்சை நெரிக்கும். நிரம்பிய குடுவை ஒரு வளைவில் மொத்த எண்ணெயையும் இன்டேக்குக்குள் கொட்டும். டீசல் இன்ஜினாக இருந்தால், அந்த எண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு கட்டுப்பாடின்றி ஓடிச் சிதறும் ஆபத்தும் உண்டு.

மூன்றாவது வழி, வாயுவை இன்டேக்குக்கு அனுப்பாமல் ஒரு சின்ன ஃபில்டர் வழியே வெளியே விடுவது. இன்டேக் பளிச்சென்று சுத்தமாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. அதோடு இதன் நன்மை முடிந்துவிடுகிறது. வெற்றிடத்தின் இழுப்பு போனதும் புதுக்காற்றின் துடைப்பும் போகிறது. சாப் சொன்ன பாடத்தை வீட்டிலேயே செய்துபார்ப்பது போலாகும். காற்றை அளந்து பெட்ரோல் விடும் இன்ஜினில் அந்த மூச்சுப் பாதையும் அளவின் ஒரு பகுதி. அதை வெட்டினால் கலவை தவறும். சட்டமும் இதை ஏற்பதில்லை. ஐரோப்பிய விதிகளிலும் அவற்றை ஒட்டிய பாரத் ஸ்டேஜ் விதிகளிலும், பெட்ரோல் காரின் கிராங்க் கேஸ் வாயு வெளியே போகக் கூடாது என்பது வகை ஒப்புதல் சோதனையின் பகுதி. நம் ஊர்ப் புகைச் சான்றிதழ்ச் சோதனை சைலன்சர் வாயை மட்டுமே பார்ப்பதால் இது பிடிபடாமல் போகலாம். பிடிபடாததால் மாசு இல்லை என்று ஆகாது. பானட்டுக்கு அடியில் வெளியேறும் அந்த வாயுவைக் கேபின் ஏசி உறிஞ்சும்போது, அதைச் சுவாசிப்பது காருக்குள் இருக்கும் நாமும் நம் குழந்தைகளுமே. திறந்த பிரீதர் பந்தயக் காருக்கு உரியது. அங்கேகூட அது கட்டற்றதாக விடப்படவில்லை: தடத்தில் எண்ணெய் சிந்தாமல் இருக்க, 2000 சிசி வரை 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர் கொள்ளளவுள்ள சேகரிப்புத் தொட்டியைச் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகள் கேட்கின்றன.

நான்காவது வழி அளப்பது. பிறகு பழுதான பாகத்தைச் சரிசெய்வது. விளம்பரம் இல்லாத வழி இது. டிப் ஸ்டிக் குழாயில் நீர் நிரப்பிய யு வடிவ டியூபை இணைத்தால் ஐடிலிங்கில் கிராங்க் கேஸ் அழுத்தம் தெரிந்துவிடும். பத்து சென்டிமீட்டர் நீர்மட்ட வித்தியாசம் ஏறக்குறைய பத்து மில்லிபார். பூஸ்ட்டில் என்ன நடக்கிறது என்று அறிய ஒரு பிரஷர் சென்சாரைப் பொருத்திச் சாலையில் ஓட்டிப் பதிவுசெய்ய வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து, கவிழ்த்து வைத்து, அது ஆடுகிறதா என்று பார்க்கும் பட்டறை வழக்கம் முதல் சந்தேகத்துக்கு உதவும், தீர்ப்புக்குப் போதாது. அழுத்தம் அதிகம் என்றால் முதலில் பிசிவியும் குழாய்களும். அவை சரியாக இருந்தும் அழுத்தம் குறையவில்லை என்றால் லீக்-டவுன் சோதனை: சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எத்தனை சதவீதம் கசிகிறது, எங்கே சீறுகிறது என்று கேட்பது. ஆயில் மூடியில் சீறினால் ரிங், இன்டேக்கில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு.

டர்போவின் மீது விழும் பழியும் இந்தச் சோதனையில்தான் தீரும். டர்போவின் எண்ணெய் கீழே சம்ப்புக்குத் தன் எடையால் மட்டுமே வடிகிறது. கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறினால் அந்த வடிகால் தடைபட்டு, எண்ணெய் டர்போவின் சீல்களைத் தாண்டி இன்டேக்கிலும் எக்ஸாஸ்ட்டிலும் கசியும். நல்ல டர்போவைக் கழற்றி எறிந்து பெருந்தொகைக்குப் புதியதைப் பொருத்தினாலும், புதியதும் சில நாட்களில் அதே போலக் கசியும். ஒரு பிளாஸ்டிக் வால்வின் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு ஒரு குடும்பத்தின் சேமிப்பு போவதைக் காணும்போது கோபம் வருகிறது. அளக்காமல் பாகம் மாற்றும் பழக்கத்தை நாம் திறமை என்று ஏற்றுக்கொள்வதுதான் இந்த அநியாயத்துக்கு வேர்.

ஆக, தீர்ப்பு இது. அன்றாடச் சாலையில் ஓடும், ட்யூன் செய்யாத டர்போ காருக்குக் கம்பெனி தந்த மூடிய ஏற்பாடே சரி. பிசிவி வால்வை எண்ணெய் ஃபில்டரைப் போலத் தேயும் பொருளாகக் கருதி, உரிய காலத்தில் சோதித்து மாற்ற வேண்டும்; சரியான தர எண்ணெயைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். இன்டர்கூலரில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சைக் கண்டு எதையும் வாங்க வேண்டியதில்லை. எண்ணெய் குறையும் வேகத்தைக் குறித்துவைத்து, கையேடு சொல்லும் எல்லையோடு ஒப்பிடுங்கள். அதே சமயம், சில கம்பெனிகள் 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை இயல்பு என்று எழுதுவதை நிறைவான பதிலாக ஏற்க வேண்டாம். அளவு மாதத்துக்கு மாதம் ஏறுகிறது என்றால் எண்ணிக்கை எல்லைக்குள் இருந்தாலும் சோதியுங்கள். பூஸ்ட் கூட்டிய காருக்கும் தடத்தில் ஓடும் காருக்கும் மூடிய கேட்ச் கேன் தகும். அழுத்தத்தை அளந்து, அது கூடவில்லை என்று உறுதிசெய்த பிறகே. திறந்த பிரீதர் சாலைக் காருக்கு எந்த நிலையிலும் தகாது. ரிங் தேய்ந்த இன்ஜினில் கேட்ச் கேன் பொருத்துவது நோயை மறைத்து நாளைக் கடத்தும் வேலை. அதற்குச் செலவழிக்கும் பணம் லீக்-டவுன் சோதனைக்குப் போக வேண்டியது.